பன்றித்தோல் வறுவலில் மாவுச்சத்து இல்லை; உப்பு இருக்கிறது

மாவுச்சத்தைக் குறைத்துச் சாப்பிடத் தொடங்கியவர்களுக்கு முதல் வாரத்திலேயே ஏக்கம் வருவது மொறுமொறுப்பின் மேல்தான். உருளைக்கிழங்கு வறுவல், பிஸ்கட், சோளப்பொரி எல்லாம் விலக்குப் பட்டியலுக்குப் போய்விடுகின்றன. கடித்தால் நொறுங்கும் தின்பண்டம் எதை எடுத்தாலும் உள்ளே மாவு இருக்கிறது. பன்றித்தோல் வறுவல் இதற்கு விலக்கு. போர்க் ரைண்ட்ஸ் என்ற பெயரில் பைகளில் அடைத்து விற்கிறார்கள். பையைத் திருப்பிப் பார்த்தால் மாவுச்சத்து 0, சர்க்கரை 0, புரதமோ இறைச்சியையே மிஞ்சும் அளவு. லோ கார்ப் உணவுக்காரர்கள் இதைக் கொண்டாடுவதில் வியப்பில்லை.

பையில் அச்சிட்டிருக்கும் எண்கள் சரியானவைதான். ஆனால் அவற்றுள் புரதத்தின் எண் காட்டுகிற அளவுக்கு உடலுக்குப் பயன் கிடைப்பதில்லை. உப்பின் அளவைக் காட்டும் சோடியத்தின் எண்ணைப் பெரும்பாலோர் படிப்பதே இல்லை. 'மாவுச்சத்து குறைவா?' என்பது ஒரு கேள்வி, 'உடலுக்கு நல்லதா?' என்பது வேறு கேள்வி. முதல் கேள்விக்குத் தயங்காமல் ஆம் என்று சொல்லிவிடலாம். இரண்டாவதற்கு விடை சொல்ல, அந்தத் தோல் எப்படி வறுவலாகிறது என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

தோல் பொரியும் விதம்

பச்சைத் தோலை அப்படியே எண்ணெயில் போட்டால் பொரியாது. சுருங்கி, ரப்பர்போல இறுகிவிடும். தோலின் பெரும்பகுதி கொலாஜன் என்னும் நார்ப்புரதம். மூன்று இழைகள் கயிறுபோல் முறுக்கிக்கொண்ட அமைப்பு அது. நீரில் நெடுநேரம் வெந்தால்தான் அந்த முறுக்கு அவிழ்ந்து ஜெலட்டினாக மாறும். வெந்த தோலில் ஒட்டியிருக்கும் கொழுப்பைச் சுரண்டி எடுத்து, துண்டு போட்டு, ஈரம் மிகக் குறையும்வரை காயவைக்கிறார்கள். ஆலைகளில் இதே வேலையைக் குறைந்த சூட்டிலுள்ள கொழுப்பில் நெடுநேரம் ஊறவிட்டும் செய்வார்கள். இப்போது கையில் இருப்பது கண்ணாடித் துண்டுபோல் கடினமான, பழுப்பு நிறச் சில்லு. இதை 200 டிகிரி செல்சியஸை ஒட்டிய எண்ணெயில் போட்டதும் ஜெலட்டின் இளகுகிறது. உள்ளே மிச்சமிருக்கும் கொஞ்சம் ஈரம் ஒரே நொடியில் நீராவியாகி அதை ஊதிப் பெரிதாக்குகிறது. ஈரம் வெளியேறியதும் ஊதிய வடிவத்திலேயே இறுகிவிடுகிறது. சோளப்பொரி பொரிவதும் இதே விதிப்படிதான். அங்கே ஊதுவது மாவு, இங்கே ஊதுவது புரதம். மொறுமொறுப்பு ஒன்றுபோல் இருப்பதற்கும், மாவுச்சத்து எண் பூஜ்யமாக இருப்பதற்கும் காரணம் இதுதான்.

இந்த ஒரு வழிமுறைக்குள்ளேயே இரண்டு வகைப் பண்டங்கள் வந்துவிடுகின்றன. கொழுப்பை நன்றாகச் சுரண்டி எடுத்துப் பொரித்தது லேசாக, காற்றுப்பை நிறைந்து இருக்கும். கொழுப்பு ஒட்டிய தோலை அப்படியே வறுத்தெடுத்தது கனமாக, கடினமாக இருக்கும். கிராக்லிங் என்பது அதுதான். ஒரே எடைக்கு இரண்டாவதில் கொழுப்பும் கலோரியும் கூடுதல். கீழே சொல்லப்போகும் எண்கள் எல்லாம் முதல் வகைக்கு உரியவை. கையில் இருப்பது இரண்டாவது வகை என்றால் அந்தப் பையின் அட்டவணையையே நம்ப வேண்டும்.

எண்கள் என்ன சொல்கின்றன

அமெரிக்க வேளாண் துறையின் உணவுச் சத்து அட்டவணைப்படி, சுவையூட்டாத பன்றித்தோல் வறுவல் 100 கிராமில் சுமார் 544 கலோரி, 61 கிராம் புரதம், 31 கிராம் கொழுப்பு, அதில் 11 கிராம் நிறைவுற்ற கொழுப்பு, 95 மி.கி. கொலஸ்ட்ரால், 1,818 மி.கி. சோடியம் இருக்கின்றன. மாவுச்சத்தும் நார்ச்சத்தும் பூஜ்யம். யாரும் 100 கிராமை ஒரே மூச்சில் சாப்பிடுவதில்லை என்று வைத்துக்கொண்டு, இரண்டு கைப்பிடி அளவான 28 கிராமுக்குக் கணக்கிட்டால் 154 கலோரி, 17 கிராம் புரதம், 9 கிராம் கொழுப்பு, 515 மி.கி. சோடியம் வரும்.

அதே 28 கிராம் உருளைக்கிழங்கு வறுவலை எடுத்துக்கொள்வோம். கலோரி ஏறக்குறைய 150. மாவுச்சத்து 15 கிராம், கொழுப்பு 10 கிராம், புரதம் 2 கிராம், சோடியம் 150 மி.கி. அளவில். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் கலோரியில் வேறுபாடே இல்லை. எடை குறையும் என்று நம்பி உருளைக்கிழங்கு வறுவலுக்குப் பதிலாக இதே அளவில் இதைச் சாப்பிடுகிறவருக்குக் கலோரிக் கணக்கில் ஒன்றும் மிச்சமாவதில்லை. மிச்சமாவது 15 கிராம் மாவுச்சத்து; கூடுவது மூன்று மடங்குக்கு மேற்பட்ட சோடியம்.

அந்த 15 கிராம் சிலருக்குப் பெரிய விஷயம். மாவுச்சத்தை மிகவும் குறைத்துக் கொழுப்பைக் கூட்டும் கீட்டோ முறையில் ஒரு நாளைக்கு அனுமதிக்கும் மாவுச்சத்தே பொதுவாக 20 முதல் 50 கிராம்தான். ஒரு சிறு கிண்ணம் உருளைக்கிழங்கு வறுவல் அதில் பாதியைத் தின்றுவிடும். நீரிழிவு உள்ளவர்களுக்கும், உணவு முடிந்த பின் சர்க்கரை ஏறாத நொறுக்குத்தீனி என்பது உண்மையான ஆறுதல்.

பன்றித்தோல் வறுவல் என்றாலே முழுக்கக் கொழுப்பு என்று நினைப்பவர்கள் அதிகம். எடைக் கணக்கில் அதில் புரதம் கொழுப்பைப்போல் இரண்டு மடங்கு. கலோரிக் கணக்கில் கொழுப்பிலிருந்து வருவது பாதியைச் சற்றே தாண்டும், மீதி புரதம். வலிப்பு நோய்க்காக 1920களில் உருவான மரபான கீட்டோ முறையைப் பின்பற்றுகிறவர்களுக்கு இது முக்கியம். அதில் கொழுப்பு 4 பங்கு என்றால், புரதமும் மாவுச்சத்தும் சேர்ந்தே 1 பங்குதான் இருக்க வேண்டும். இந்த வறுவலில் விகிதம் தலைகீழ். மாவுச்சத்து பூஜ்யம் என்பதை மட்டும் பார்த்து அப்படிப்பட்ட மருத்துவ உணவுத் திட்டத்தில் கணக்கில்லாமல் சேர்த்தால் விகிதம் கெட்டுவிடும். எடை குறைக்க மட்டும் கீட்டோவில் இருப்பவருக்கு இந்தக் கவலை இல்லை.

61 கிராம் புரதத்தின் உண்மை மதிப்பு

நூறு கிராமில் 61 கிராம் புரதம் என்பது கோழி இறைச்சியைப்போல் இரண்டு மடங்கு. ஈரம் முழுவதும் போய்விட்டதால் எண் பெரிதாகத் தெரிகிறது என்பது ஒரு காரணம். அதைவிடப் பெரிய விஷயம், அது என்ன வகைப் புரதம் என்பது.

உடல் தானே செய்துகொள்ள முடியாமல் உணவிலிருந்தே பெற வேண்டிய அமினோ அமிலங்கள் ஒன்பது. அவற்றுள் ஒன்றான டிரிப்டோபேன் தூய கொலாஜனில் அறவே கிடையாது. கொலாஜனில் மூன்றில் ஒரு பங்கு கிளைசின். ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் புரோலினும் ஹைட்ராக்ஸிபுரோலினும். இவை பயனற்றவை என்று சொல்ல முடியாது, ஆனால் உடலே செய்துகொள்ளக்கூடியவை. தசை வளர்ச்சியைத் தூண்டுகிற லூசின் கொலாஜனில் சுமார் 3 விழுக்காடு மட்டுமே. பால் மோரிலிருந்து எடுக்கும் வே புரதத்தில் 10 விழுக்காடு அளவில் இருக்கிறது. தோலில் கொலாஜனோடு வேறு புரதங்களும் சிறிதளவு இருப்பதால் டிரிப்டோபேன் முற்றிலும் இல்லை என்று சொல்ல முடியாது. இருப்பது போதாது, அவ்வளவுதான்.

புரதத்தின் தரத்தை அளக்க, செரிமானத்தையும் அமினோ அமிலக் குறைபாட்டையும் சேர்த்துக் கணக்கிடும் ஓர் அளவுகோல் இருக்கிறது: பி.டி.சி.ஏ.ஏ.எஸ். முட்டைக்கும் பாலுக்கும் அதில் முழு மதிப்பெண்ணான 1. தூய கொலாஜனுக்கு 0. ஓர் அமினோ அமிலம் இல்லாவிட்டால் மற்றவை எவ்வளவு இருந்தாலும் மதிப்பெண் விழுந்துவிடும் என்பது இந்த அளவுகோலின் விதி. அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகத்தின் விதிப்படி, தரம் மிகவும் தாழ்ந்த புரதத்தைக் கொண்ட பண்டத்தின் அட்டவணையில், தரத்துக்கேற்பத் திருத்திய விழுக்காட்டையோ, 'குறிப்பிடத்தக்க புரத ஆதாரம் அல்ல' என்ற பொருள்படும் வாசகத்தையோ போட்டாக வேண்டும். பன்றித்தோல் வறுவல் பைகளில் அந்த வாசகம் சிறிய எழுத்தில் இருப்பதைக் காணலாம். முன்பக்கத்தில் பெரிய எழுத்தில் புரதத்தின் கிராம் அளவு இருக்கும், பின்பக்கத்தில் இந்த வாசகம் இருக்கும். இரண்டும் உண்மை. வாங்குகிறவர் படிக்க வேண்டியது பின்பக்கத்தை.

இதனால் இந்தப் புரதம் வீண் என்று முடிவு கட்டிவிடக் கூடாது. அமினோ அமிலக் குறை தட்டு முழுவதையும் வைத்துப் பார்க்க வேண்டிய ஒன்று. அன்றைய உணவில் முட்டையோ மீனோ பாலோ இறைச்சியோ போதிய அளவு இருந்தால், அவற்றில் மிஞ்சும் டிரிப்டோபேன் தோலின் குறையை ஈடுகட்டிவிடும். 2019இல் வெளியான ஒரு கணக்கீடு, வழக்கமான மேற்கத்திய உணவில் மொத்தப் புரதத்தின் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேல்வரை கொலாஜனாக இருந்தாலும் அமினோ அமிலச் சமநிலை குலையாது என்று காட்டியது. சிக்கல் எங்கே வருகிறது என்றால், உடற்பயிற்சி செய்கிறவர் ஒருவர் 'எனக்கு இன்று 60 கிராம் புரதம் வேண்டும், ஒரு பையைத் தின்றால் ஆயிற்று' என்று கணக்குப் போடும்போதுதான். வயதானவர்களுக்கும் இதே எச்சரிக்கை. தசை இழப்பைத் தடுக்கத் தேவைப்படும் புரதத்தை இதிலிருந்து எதிர்பார்க்கக் கூடாது. எளிய வழி ஒன்று: அன்றாடப் புரதக் கணக்கு எழுதுகிறவர்கள் இந்த வறுவலின் புரதத்தை அதில் சேர்க்காமல் விட்டுவிடலாம்.

கொலாஜன் என்றதும் தோல் பொலிவு, மூட்டு வலி என்று பேச்சு போகும். அந்தத் துறையில் நடந்த ஆய்வுகள் பெரும்பாலும் நொதியால் சிறு துண்டுகளாக உடைத்த கொலாஜன் பொடியை வைத்து நடந்தவை. எண்ணெயில் பொரித்த தோலுக்கு அந்த முடிவுகளைத் தூக்கி ஒட்டவைப்பது சரியில்லை.

உப்புதான் உண்மையான வரம்பு

100 கிராமுக்கு 1,818 மி.கி. சோடியம் என்பதை உப்பாக மாற்றினால் சுமார் 4.6 கிராம். ஒரு தேக்கரண்டி உப்பு ஏறக்குறைய 5 கிராம். பெரியவர்களுக்கு உலகச் சுகாதார நிறுவனம் சொல்லும் ஒரு நாள் வரம்பே 5 கிராம் உப்பு, அதாவது 2,000 மி.கி. சோடியம். 28 கிராமிலேயே அந்த வரம்பில் கால் பங்கு தீர்ந்துவிடுகிறது.

பையில் எழுதியிருக்கும் 'ஒரு பங்கு' என்ற அளவு பல இடங்களில் 14 கிராம். காற்று நிறைந்த பண்டம் என்பதால் 14 கிராம் ஒரு கைப்பிடியாகத் தெரியும், ஆனால் வாய்க்குப் போனதும் ஒன்றும் இல்லாமல் கரைந்துவிடும். 140 கிராம் பை ஒன்றில் பத்துப் பங்கு இருக்கிறது. படம் பார்த்துக்கொண்டே அதைக் காலி செய்தால் 760 கலோரியும் 2,500 மி.கி.க்கு மேல் சோடியமும் உள்ளே போயிருக்கும். அன்று சாப்பிட்ட மற்ற எதையும் கணக்கில் எடுக்காமலே வரம்பு தாண்டிவிட்டது. உப்பின் விளைவைத் தணிக்கும் பொட்டாசியமோ இதில் 100 கிராமுக்கு 127 மி.கி.தான்.

மாவுச்சத்தைத் திடீரென்று குறைத்த முதல் ஒன்றிரண்டு வாரங்களில் இன்சுலின் அளவு இறங்குவதால் சிறுநீரகம் வழக்கத்தைவிட அதிக சோடியத்தை வெளியேற்றும். தலை கிறுகிறுப்பு, சோர்வு, கால் பிடிப்பு வருவதற்கு இதுவும் ஒரு காரணம். அந்த நாட்களில், இரத்த அழுத்தம் சரியாக இருப்பவருக்கு ஒரு கைப்பிடி உப்பு வறுவல் கெடுதல் செய்யாது. ஆனால் அந்தக் கட்டம் கடந்த பிறகும் அதே காரணத்தைச் சொல்லித் தினமும் பையைத் திறப்பது சரியான வாதமாகாது.

இரத்த அழுத்தம், இதயச் செயலிழப்பு, சிறுநீரக நோய், கல்லீரல் நோயால் வயிற்றில் நீர் சேர்தல் ஆகியவற்றுக்காக உப்பைக் குறைக்கச் சொல்லப்பட்டவர்கள் கடையில் வாங்கும் பன்றித்தோல் வறுவலை ஒதுக்கிவிடுவதே நல்லது. சிறுநீரக நோயில் புரத அளவுக்கும் கட்டுப்பாடு இருந்தால் இன்னொரு காரணமும் சேர்கிறது: உடலுக்குச் சரியாகப் பயன்படாத புரதமும் யூரியாவாகி வெளியேற சிறுநீரகத்தைத்தான் நம்பியிருக்கிறது.

கொழுப்பைப் பற்றிச் சொல்ல வேண்டியது

பன்றிக் கொழுப்பில் ஏறத்தாழ 45 விழுக்காடு ஓலிக் அமிலம். ஆலிவ் எண்ணெயின் முதன்மைக் கொழுப்பும் அதுவே. இதை வைத்து 'ஆலிவ் எண்ணெய்க்குச் சமம்' என்று எழுதுகிறவர்கள் உண்டு. அதே கொழுப்பில் கால் பங்கு பால்மிட்டிக் அமிலம். கெட்ட கொலஸ்ட்ரால் எனப்படும் எல்.டி.எல்.லை ஏற்றுவது அது. ஆலிவ் எண்ணெயில் நிறைவுற்ற கொழுப்பு ஏழில் ஒரு பங்கு அளவில் நிற்கிறது, பன்றிக் கொழுப்பில் அது ஐந்தில் இரண்டு பங்கு. ஒப்பீடு பாதி உண்மைதான்.

28 கிராமில் நிறைவுற்ற கொழுப்பு 3.2 கிராம். 2,000 கலோரி உணவில் நிறைவுற்ற கொழுப்பு பத்து விழுக்காட்டுக்குள், அதாவது 22 கிராமுக்குள் இருக்க வேண்டும் என்பது பொதுப் பரிந்துரை. எனவே சிறு அளவில் இது பெரிய சுமை இல்லை. மாவுச்சத்தைக் குறைத்தவர் ஏற்கெனவே வெண்ணெய், பாலாடைக்கட்டி, கொழுப்புள்ள இறைச்சி என்று சாப்பிட்டுக்கொண்டிருப்பார். அவற்றின் மேல் இதுவும் ஏறுகிறது என்பதை மட்டும் மறக்கக் கூடாது. லோ கார்ப் தொடங்கிய சிலருக்கு எல்.டி.எல். கணிசமாக ஏறுவது உண்டு. தொடங்குமுன் ஒரு முறை, மூன்று மாதம் கழித்து ஒரு முறை இரத்தப் பரிசோதனை செய்து பார்ப்பது பயனுள்ளது.

பொரிக்கும் எண்ணெயும் கணக்கில் வரும். சிலர் பன்றிக் கொழுப்பிலேயே பொரிக்கிறார்கள், சிலர் தாவர எண்ணெயில். ஒரே எண்ணெயைத் திரும்பத் திரும்பச் சூடாக்கினால் சிக்கு வாடையும் கசப்பும் வரும். பையைத் திறந்ததும் பழைய பெயின்ட் போன்ற நெடி அடித்தால் கொழுப்பு ஆக்ஸிஜனேற்றம் அடைந்துவிட்டது என்று பொருள். தேதி மீதமிருந்தாலும் தூக்கி எறிய வேண்டும். உருளைக்கிழங்கைப் பொரிக்கும்போது கவலை தரும் அக்ரிலமைட் என்ற வேதிப்பொருள் இதில் பெரிய பிரச்சினை இல்லை. அது உருவாக அஸ்பராஜின் என்ற அமினோ அமிலமும் சர்க்கரையும் தனித்தனியாகக் கிடைக்க வேண்டும். வெந்து காய்ந்த தோலில் சர்க்கரை மிகக் குறைவு.

பையில் எதைப் பார்ப்பது

பொருள் பட்டியல் எவ்வளவு சுருக்கமோ அவ்வளவு நல்லது: பன்றித்தோல், உப்பு, பொரித்த எண்ணெய். பார்பிக்யூ, காரம், சீஸ் என்று சுவையூட்டியவற்றில் மால்டோடெக்ஸ்ட்ரின், டெக்ஸ்ட்ரோஸ், சர்க்கரை, அரிசி மாவு ஆகிய மாவுச்சத்துப் பொருள்கள் பொடியைத் தோலில் ஒட்டவைக்கவும் சுவையைச் சமன்செய்யவும் சேர்க்கப்படுகின்றன. ஒரு பங்கில் அரை கிராமுக்குக் குறைவாக மாவுச்சத்து இருந்தால் அதைப் பூஜ்யம் என்று அச்சிட அமெரிக்க விதி அனுமதிக்கிறது. பார்பிக்யூ வகையில் 100 கிராமுக்கு 1.6 கிராம் அளவில் மாவுச்சத்து இருப்பதாக வேளாண் துறை அட்டவணை காட்டுகிறது. 14 கிராம் பங்கில் அது 0.2 கிராம், எனவே 0. முழுப் பையைச் சாப்பிட்டாலும் இரண்டு கிராமைச் சற்றே தாண்டும். இது பயப்படக்கூடிய அளவில்லை. சுவையூட்டிய வகைகளில் கவனிக்க வேண்டியது மறுபடியும் சோடியத்தைத்தான். அதே பார்பிக்யூ வகையில் அது 100 கிராமுக்கு 2,600 மி.கி.யைத் தாண்டிவிடுகிறது. தேன், இனிப்பு மசாலா என்று பெயரிலேயே இனிப்பு இருப்பவற்றில் மட்டும் மாவுச்சத்து எண்ணை நிதானமாகப் படிக்க வேண்டும்.

'சுட்டது', 'எண்ணெயில்லாதது' என்ற சொற்களைப் பார்த்தும் முடிவெடுக்க வேண்டாம். மைக்ரோவேவில் பொரிக்கும் சில்லுகளில் பொரிக்கும் எண்ணெய் சேராததால் கொழுப்பு குறைவாக இருக்கும். ஆனால் உப்பு ஏற்கெனவே சில்லிலேயே ஏற்றப்பட்டிருக்கும்.

எவ்வளவு, எதனோடு, யாருக்கு வேண்டாம்

உடல்நலக் கோளாறு இல்லாத ஒருவருக்கு எங்கள் மதிப்பீடு இது: ஒரு முறைக்கு 15 முதல் 30 கிராம், வாரத்தில் இரண்டு மூன்று முறை. பையிலிருந்து நேராகச் சாப்பிடாமல் தராசில் நிறுத்துக் கிண்ணத்தில் எடுத்து வைத்துவிட்டுப் பையைக் கட்டி உள்ளே வைப்பதுதான் இந்த அளவைக் காக்கும் ஒரே வழி. கண்மதிப்பு இதில் எப்போதும் தவறும், ஏனென்றால் கண் பார்ப்பது காற்றை.

நார்ச்சத்து பூஜ்யம் என்பதால் தனியாகச் சாப்பிடாமல், வெள்ளரித் துண்டு, குடைமிளகாய், மசித்த வெண்ணெய்ப்பழம் ஆகியவற்றோடு சேர்ப்பது நல்லது. மாவுச்சத்தைக் குறைத்தவர்களுக்கு மலச்சிக்கல் வருவது சாதாரணம். நொறுக்குத்தீனி வேளைகளையும் நாரில்லாமல் கழித்தால் அது கூடும். தொட்டுக்கொள்ளும் பொருளில் உப்பு போடாதீர்கள், வறுவலிலேயே போதிய அளவு இருக்கிறது. உப்பில்லாத கெட்டித் தயிரில் எலுமிச்சையும் மிளகும் கலந்தால் போதும். தயிரின் புரதம் கொலாஜனின் குறையையும் நிரப்பும்.

மாற்று எது என்று கேட்டால், ஓர் அவித்த முட்டை 78 கலோரி, முழுமையான 6 கிராம் புரதம், 62 மி.கி. சோடியம். உப்பில்லாத 28 கிராம் பாதாம் 164 கலோரி. மொத்த மாவுச்சத்து 6 கிராமாக இருந்தாலும் அதில் 3.5 கிராம் நார். சத்தை மட்டும் பார்த்தால் இரண்டுமே பன்றித்தோல் வறுவலை வெல்கின்றன. அவற்றில் இல்லாதது அந்த நொறுங்கும் ஓசை. ஒருவர் லோ கார்ப் முறையைக் கைவிடாமல் இருக்க அந்த ஓசை உதவுகிறது என்றால், அதற்கு இடம் கொடுப்பதில் தவறில்லை.

நீரிழிவுக்கு இன்சுலின் அல்லது சர்க்கரையைத் தாழ்த்தும் மாத்திரை எடுப்பவர்கள் ஒன்றை நினைவில் வைத்திருக்க வேண்டும். சர்க்கரை திடீரென்று இறங்கி நடுக்கம் வரும்போது பக்கத்தில் இருக்கிறதே என்று இதைச் சாப்பிட்டால் பயனில்லை. அப்போது தேவை விரைவில் இரத்தத்தில் கலக்கும் 15 கிராம் அளவு குளுக்கோஸ். கொழுப்பு நிறைந்த பண்டம் வயிறு காலியாவதையும் தாமதப்படுத்தும்.

கிராக்லிங் வகை பல்லுக்கு ஆபத்து. நிரப்பிய பல், உறை போட்ட பல், பொய்ப்பல் உள்ளவர்கள் கடித்து விரிசல் விட்டுக்கொள்வது உண்டு. சிறு குழந்தைகளுக்குக் கூர்மையான சில்லு தொண்டையில் குத்தும் என்பதால் தரவே வேண்டாம்.

வீட்டில் செய்தால் உப்பு நம் கையில்

கடை வறுவலின் மிகப் பெரிய குறை உப்பு என்பதால், வீட்டில் செய்வதில் உண்மையான ஆதாயம் இருக்கிறது. பொரித்த 100 கிராமுக்கு 1 கிராம் உப்பு தூவினால் சேர்வது சுமார் 400 மி.கி. சோடியம், கடைச் சரக்கில் இருப்பதில் ஐந்தில் ஒரு பங்கை ஒட்டியது. நேரம்தான் ஒரு நாள் பிடிக்கும்.

மயிர் நீக்கிய தோல் ஒரு கிலோ எடுத்து, அகலமான பாத்திரத்தில் மூழ்கும் அளவு தண்ணீர் விட்டு, சிறு கொதியில் ஒரு மணி முதல் ஒன்றரை மணி நேரம் வேகவிட வேண்டும். கரண்டிக் காம்பு எளிதாக இறங்கும் பதம் சரி. அதற்கு மேல் போனால் தோல் கிழிந்து கூழாகும், சுரண்ட முடியாது. முன்பே எடுத்தால் கொலாஜன் முழுதாக மாறாமல் பொரியும்போது நடுவில் கல்போல் நிற்கும். வெந்த தோலைத் தட்டில் விரித்து, ஆறியதும் ஒரு மணி நேரம் குளிர்பெட்டியில் வைத்தால் கொழுப்பு இறுகி, கரண்டியால் சுரண்டும்போது பாளமாக வந்துவிடும். இந்த வேலையை அவசரமாகச் செய்யக் கூடாது. கொழுப்பு ஒட்டியிருக்கும் இடத்தில் ஈரம் வெளியேறாது, அந்த இடம் பொரியவும் பொரியாது.

சுரண்டிய தோலை இரண்டு மூன்று சென்டிமீட்டர் துண்டுகளாக வெட்டி, கம்பித்தட்டில் ஒன்றோடொன்று ஒட்டாமல் பரப்பி, 80 முதல் 90 டிகிரி அவனில் (மின்சாரச் சூட்டடுப்பில்) ஆறு முதல் பத்து மணி நேரம் காயவிட வேண்டும். பாதியாகச் சுருங்கி, தேன் நிறத்தில் கண்ணாடிபோல் ஆகி, தட்டில் கொட்டினால் கலகலவென்று ஓசை வர வேண்டும். வளைத்தால் வளைகிறது என்றால் இன்னும் ஈரம் இருக்கிறது. அந்த நிலையில் எண்ணெயில் போட்டால் தெறிக்கும், துண்டும் தோல்போல் இழுபடும். மிகையாகக் காய்ந்து கருத்துவிட்டால் ஊதுவதற்கு வேண்டிய நீராவியே இருக்காது. இதனால்தான் முதலில் ஒரே ஒரு துண்டைப் போட்டுச் சோதிப்பது வழக்கம்.

எண்ணெய் 195 முதல் 205 டிகிரிக்குள் இருக்கட்டும். வெப்பமானி இல்லாமல் இதைச் செய்ய முயல வேண்டாம். ஐந்தாறு துண்டுகள் போட்டால் அரை நிமிடத்துக்குள் சுருண்டு ஊதிவிடும். நிறம் மாறக் காத்திருக்காமல் ஊதி முடிந்ததும் எடுத்துவிட வேண்டும். சூடு 170க்குக் கீழே போனால் ஊதாமல் எண்ணெய் குடிக்கும். ஒரே நேரத்தில் நிறையத் துண்டுகளைப் போடுகிறவர்களுக்கு நேர்வது இதுதான். சூடாக இருக்கும்போதே, மிக்ஸியில் மாவாக அரைத்த உப்பைத் தூவுங்கள். தூள் உப்பு முழுப் பரப்பிலும் ஒட்டுவதால் குறைந்த அளவிலேயே நாக்குக்கு உப்பு தெரியும். மிளகு, சீரகத்தூள், எலுமிச்சைத் தோல் துருவல் சேர்த்தால் உப்பை இன்னும் குறைக்கலாம்.

பொரிக்காத சில்லு காற்றுப் புகாத டப்பாவில் நெடுநாள் இருக்கும். எனவே ஒரு முறை காயவைத்துக்கொண்டு வேண்டும்போது 20 கிராம் மட்டும் பொரிப்பது அளவுக் கட்டுப்பாட்டுக்கும் உதவும். பொரித்த பிறகு ஈரக் காற்றுப் பட்டு நமுத்துப்போனால் 150 டிகிரி அவனில் நான்கைந்து நிமிடம் வைத்தால் மொறுமொறுப்பு திரும்பும். நெடி மாறியிருந்தால் சூடாக்கிப் பயனில்லை.

நொறுங்கியவற்றை வீணாக்க வேண்டியதில்லை. ரொட்டித்தூளுக்குப் பதிலாக மேற்பூச்சுக்கு இது நன்றாகப் பயன்படும்: அரை கிலோ மீன் அல்லது கோழிக்கு 50 கிராம் தூள், ஒரு முட்டை. மிக்ஸியை விட்டு விட்டு ஓட்ட வேண்டும். தொடர்ந்து ஓட்டினால் கொழுப்பு பிரிந்து பசையாகிவிடும். கடைத்தூள் என்றால் இறைச்சியில் உப்பே போட வேண்டாம். மறுபடி எண்ணெயில் பொரித்தால், ஏற்கெனவே பொரித்த தூள் என்பதால், உள்ளே இறைச்சி வேகுமுன் வெளியே கருகும். 200 டிகிரி அவனில் சுட்டு எடுப்பதே சரி. கொத்துக்கறி உருண்டைக்குப் பிடிமானமாகவும் அரை கிலோவுக்கு 30, 40 கிராம் சேர்க்கலாம். பத்து நிமிடம் ஊறவிட்டால் ஜெலட்டின் ஈரத்தை இழுத்துக் கலவையை இறுக்கும். அப்படியும் தளர்வாக இருந்தால் தூளைக் கூட்டாமல் இன்னும் ஐந்து நிமிடம் பொறுங்கள். தூள் கூடக் கூட உப்பும் கூடும், வெந்த உருண்டையும் ரப்பர்போல் இழுபடும்.